ஏழாவது கேள்விக்கு மட்டும் பதில்

போன வாரம் நிவேதா போன் செய்தாள். நான் ஓய்வு பெறுவதற்கு இரண்டு வருடம் முன்பு எங்கள் ஆய்வு மையத்தில் வேலைக்குச் சேர்ந்த பெண். வார்த்தைக்கு வார்த்தை சார் போட்டுக்கொண்டே நான் செய்வதில் எல்லாம் குறை கண்டுபிடிப்பாள். அதனாலேயே எனக்கு அவளைப் பிடிக்கும்.

“சார், கேள்வித்தாள டேப்லெட்டுல ஏத்துறோம். நீளமா இருக்குன்னு எல்லாரும் சொல்றாங்க. ஒன்பதாவது கேள்விய எடுத்துரலாமா? மத்ததுக்கெல்லாம் பிள்ளைக அரை நிமிஷத்துல பதில் போட்டுட்டுப் போயிருதுக. இதுக்கு மட்டும் அப்படியே உக்காந்துருதுக.”

யோசித்து எழுதி அனுப்புகிறேன் என்றேன். உண்மையில் யோசிக்க ஒன்றும் இல்லை. அந்தக் கேள்வி எப்படி வந்தது என்று எழுதுவதற்குத்தான் நேரம் வேண்டியிருந்தது. எழுத உட்கார்ந்தால் நான் சுருக்கமாக முடிக்கிற ஆள் இல்லை என்பது நிவேதாவுக்கும் தெரியும்.

என் வேலை என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். பிள்ளைகளுக்கு, பதின்ம வயதுக்காரர்களுக்கு ஒரு கஷ்டம் வந்தால் யாரிடம் போய்ச் சொல்வார்கள், சொல்வார்களா மாட்டார்களா, உதவி கேட்பதைப் பற்றி அவர்கள் மனதில் என்ன இருக்கிறது என்பதை அளப்பது. உயரத்துக்கு டேப் இருக்கிறது, எடைக்குத் தராசு இருக்கிறது. இதற்குக் கேள்வித்தாள். கல்யாண வீடுகளில் யாராவது கேட்டால் என் மனைவி, “ஸ்கூலு ஸ்கூலாப் போயி கணக்கெடுக்குறாரு” என்று முடித்துவிடுவாள். நாகல் நகரில் எங்கள் தெருக்காரர்கள் சிலர் நான் சென்சஸ் ஆள் என்று நினைத்து, குடும்பத்தில் ஒரு பெயரைச் சேர்க்கச் சொல்லி வீட்டுக்கே வந்திருக்கிறார்கள்.

பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஒரு துணிக்கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தவன், கள ஆய்வாளராக உள்ளே வந்தேன். குரலை ஏற்றாமல் இறக்காமல் கேள்வியை வாசிக்கக் கற்றேன். பிள்ளை என்ன எழுதினாலும் அதை முகத்தில் காட்டாமல் இருக்கக் கற்றேன். இரண்டாவதில் கடைசிவரை எனக்குப் பாஸ் மார்க்தான்.

மீதி எல்லாம் ஸ்டெல்லா மேடத்திடம் கற்றது. மையத்தின் தலைவர் அவர்தான். ஆத்தூர்ப் பக்கம் தென்னையும் கத்தரியும் போட்ட குடும்பத்தில் பிறந்து, பெரிய படிப்பெல்லாம் படித்துவிட்டு, திண்டுக்கல்லுக்கே திரும்பி வந்தவர். தடிமனான கண்ணாடி. மெல்லிய குரல். அவர் பேச ஆரம்பித்தால் நாங்கள் மின்விசிறியை நிறுத்துவோம். தனக்குக் கீழே வேலை பார்க்கிற எங்களை சார், மேடம் என்றுதான் கூப்பிடுவார். மதியம் எங்களோடு உட்கார்ந்து டப்பாவைத் திறப்பார். சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள அவர் கொண்டுவரும் வெஞ்சனத்தில் பாதி எங்கள் தட்டுக்கு வந்துவிடும். எந்தப் பிள்ளையைப் பற்றியும் ‘பாவம்’ என்ற வார்த்தையை அவர் வாயிலிருந்து நான் கேட்டதில்லை. ஒரு தடவை நான் சொன்னபோது, “பாவம்னு எழுத நம்ம தாள்ல கட்டம் இல்ல சார். என்ன பாத்தீங்களோ அத எழுதுங்க” என்றார்.

அவர் கண்டுபிடித்த ஒரு வழியை நான் விவரமாகச் சொல்லியாக வேண்டும். உதவி தேவைப்பட்டால் கேட்பாயா என்று பிள்ளைகளிடம் கேட்டால், கேட்பேன் என்றுதான் எழுதுவார்கள். அதுதான் நல்ல பிள்ளை எழுத வேண்டிய பதில் என்று ஒன்றாம் வகுப்பிலேயே தெரிந்துகொண்டு விடுகிறார்கள். எழுதுவது ஒன்று, செய்வது ஒன்று. அதனால் மேடம் என்ன செய்தார் என்றால், தாளில் ஏழாவது கேள்வியை மட்டும் வேண்டுமென்றே மங்கலாக அச்சடிக்க வைத்தார். என்ன முழித்துப் பார்த்தாலும் படிக்க முடியாது. பிள்ளைகள் அந்த வரிக்கு வந்ததும் என்ன செய்கிறார்கள் என்பதுதான் எங்களுக்கு வேண்டியது.

பெஞ்சுக்கு ஒருவராக, தள்ளித் தள்ளி உட்கார வைப்போம். வகுப்பு ஆசிரியர் வெளியே போய்விடுவார். இருக்கைக்கு ஒரு எண். தாளில் அந்த எண் மட்டும்தான், பெயர் கிடையாது. நான் கடைசி பெஞ்சில் கட்டம் போட்ட தாளோடு உட்காருவேன். யார் கையைத் தூக்கினார்கள், யார் பக்கத்தில் எட்டிப் பார்த்தார்கள், யார் பேசாமல் விட்டுவிட்டார்கள், எத்தனை நிமிடம் ஆனது எல்லாம் குறிப்பேன். கை தூக்கிய பிள்ளைக்கு அந்தக் கேள்வியை வாய்விட்டு வாசித்துக் காட்டக் கூடாது, மற்றவர்கள் காதில் விழுந்துவிடும். ஒரு சீட்டில் ஸ்கெட்ச் பேனாவால் எழுதிவைத்திருப்போம், அதைக் கொடுக்க வேண்டும். கடைசியில் மணி அடிப்பதற்குள், அந்த வரி ஏன் மங்கலாக இருந்தது என்று பிள்ளைகளிடம் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். அதில் மேடம் மகா கண்டிப்பு. “ஏமாத்திட்டு அப்படியே பஸ் ஏறி வந்துரக் கூடாது சார்” என்பார். சொன்னதும் வகுப்பே சிரிக்கும்.

இனி மகேஸ்வரி விஷயம்.

நிலக்கோட்டைப் பக்கம் மல்லிகை போடுகிற ஊர் ஒன்றில் அரசுப் பள்ளி. ஒன்பதாம் வகுப்பு. வழக்கம்போல முதல் பக்கத்தை வாசித்தேன்: “நீங்க எழுதுறத உங்க வீட்டுக்கும் சொல்ல மாட்டோம், உங்க ஆசிரியருக்கும் சொல்ல மாட்டோம்.” எழுத ஆரம்பித்தார்கள். ஏழாவது கேள்வி வந்ததும் அங்கங்கே “தெரியலை சார்” என்று கைகள் எழுந்தன. இருபத்துமூன்றாம் எண்ணில் இருந்த பெண்ணும் உடனே தூக்கினாள். சீட்டைக் கொடுத்துவிட்டு, ‘கேட்டாள், முதல் நிமிடத்திலேயே’ என்று கட்டத்தில் குறித்தேன். எங்கள் அளவுகோலில் அது முதல் தரம். நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள், பேனா அசைந்துகொண்டே இருந்தது. எனக்குத் திருப்தி.

தாள்களை வாங்கியபோது பார்த்தால், ஏழாவது கேள்விக்கு மட்டும் பதில் இருந்தது. மற்றதெல்லாம் வெள்ளை. அவ்வளவு நேரம் அந்தப் பேனா காகிதத்தில் படாமலே அசைந்திருக்கிறது. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. விளையாடியிருக்கிறாள் என்று நினைத்து, தாளின் தலையில் ‘மறுப்பு’ என்று எழுதி, மறுப்புத் தாள்களுக்கான கவரில் போட்டுவிட்டேன்.

சனிக்கிழமை தோறும் மேடம் தாள்களைப் பார்ப்பார். எல்லாரும் நல்ல தாளிலிருந்து ஆரம்பிப்பார்கள். அவர் மறுப்புக் கவரிலிருந்துதான் ஆரம்பிப்பார். இருபத்துமூன்றாம் எண் தாளை எடுத்தார். என் கட்டத்தாளையும் எடுத்துப் பக்கத்தில் வைத்தார்.

“சார், இந்தப் பிள்ளை முதல் நிமிஷத்துல கேட்டுச்சுன்னு நீங்க எழுதியிருக்கீங்க. மறுப்புன்னும் நீங்கதான் எழுதியிருக்கீங்க.”

“விளையாட்டுப் பிள்ளை மேடம்.”

“ஒரே பிள்ளையப் பத்தி நம்ம ரெண்டு தாளும் ரெண்டு விதமாச் சொன்னா, பிள்ளை மேல தப்புச் சொல்ல முடியாது. யாருமே படிக்க முடியாத கேள்விக்கு மட்டும் இது பதில் எழுதியிருக்கு. எல்லாரும் படிக்கிற கேள்விய விட்டுருக்கு. அது எப்படி?”

அவர் ஸ்கெட்ச் பேனாச் சீட்டு ஒன்றை மேஜை டிராயரிலிருந்து எடுத்து, அச்சடித்த தாள் மேல் வைத்து, தன் கண்ணாடியைக் கழற்றிவிட்டு இரண்டையும் பார்த்தார். பிறகு என் பக்கம் தள்ளினார். சீட்டில் என் எழுத்து ஒவ்வொன்றும் மொச்சைக்கொட்டை அளவுக்கு இருந்தது.

“எனக்கும் இந்த ஒரு வரிதான் சார் தெரியுது” என்றார்.

ஏழாவது கேள்வி இதுதான்: ‘உன்னால் முடியாத ஒன்று வந்தால் முதலில் யாரிடம் கேட்பாய்?’ வகுப்பில் சீட்டு வாங்கிய மற்றவர்கள் அம்மா, டீச்சர் என்று எழுதியிருந்தார்கள். இவள் பெரிய பெரிய எழுத்தில், கோட்டை விட்டு ஏறி இறங்கி எழுதியிருந்தாள்: ‘ஜெயராணிகிட்ட. இன்னைக்கு அவ தள்ளி உக்காந்திருக்கா.’

அதை நான் ஏற்கெனவே படித்திருந்தேன். படித்துவிட்டுத்தான் மறுப்பு என்று எழுதினேன். இத்தனை வருடம் கழித்தும் அதை நினைத்தால் எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

திங்கட்கிழமை மேடமே என்னோடு பஸ் ஏறினார். தலைமையாசிரியரிடம் அனுமதி கேட்டு, சமூக அறிவியல் பாடம் நடக்கும்போது கடைசி பெஞ்சில் உட்கார்ந்தோம். பிள்ளைகள் அவரவர் வழக்கமான இடத்தில் இருந்தார்கள். இருபத்துமூன்றாம் எண்ணில் இருந்தவளை முகத்தை வைத்து அடையாளம் கண்டேன், அவள்தான் மகேஸ்வரி. அவள் பக்கத்தில் ஒட்டி ஒரு பெண், ஜெயராணி. ஆசிரியை போர்டில் எழுத எழுத அந்தப் பெண்ணின் உதடு அசைந்துகொண்டே இருந்தது. மகேஸ்வரி போர்டைப் பார்த்தபடியே, காதால் கேட்டு நோட்டில் எழுதினாள். வகுப்பில் ஒருவருக்கும் அது தெரியாது. ஆசிரியைக்கும் தெரியாது, அவர்தான் பரீட்சைக்குக் கேள்விகளை வாய்விட்டு வாசித்துவிடுவாரே. இரண்டு வருடமாக அப்படி நடந்திருக்கிறது. நாங்கள் உதவி கேட்பதை அளக்கிறோம் என்று பெஞ்சுக்கு ஒருவராகப் பிரித்து வைத்து, அவளுக்குக் கிடைத்துக்கொண்டிருந்த ஒரே உதவியைப் பிடுங்கிவிட்டு, கேட்கிறாளா என்று கடிகாரத்தைப் பார்த்திருக்கிறோம்.

இடைவேளையில் வேப்பமரத்தடியில் மகேஸ்வரியிடம் மேடம் பேசினார். கண்ணைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. “ஏழாவது கேள்விக்கு நல்லா எழுதியிருந்த. அன்னைக்கு உன்ன அப்படித் தனியா நாங்க உக்கார வச்சது தப்பு” என்றார். அவ்வளவுதான். அந்தப் பிள்ளை கொஞ்ச நேரம் காலால் மண்ணைக் கிளறியது.

“சொல்ல மாட்டோம்னு சார் வாசிச்சாங்கல்ல” என்றாள்.

“ஆமா. சொல்ல மாட்டோம்.”

“எங்க அக்காவுக்குக் கண்ணாடி போட்டாங்க. படிச்சுப் படிச்சுத்தான் கண்ணு கெட்டுப்போச்சுன்னு பத்தாப்போட நிறுத்திட்டாங்க. அப்புறம் கட்டிக் குடுத்துட்டாங்க. எனக்கும்னு தெரிஞ்சா என்னையும் நிறுத்திருவாங்க.”

பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது எனக்குப் பொறுக்கவில்லை. “வீட்ல சொல்லிரலாம் மேடம். கண்ணு விஷயம்” என்றேன்.

“சொல்ல மாட்டோம்னு நீங்க வாசிச்சீங்க சார், நான் எழுதினது. அத மீறுனா இந்தப் பிள்ளை இனிமே யாரையும் நம்பாது. சும்மா இருந்தா கண்ணு போயிரும். ரெண்டும் ஆகாது.” பிறகு சின்னாளபட்டி தாண்டும்வரை சன்னலுக்கு வெளியேதான் பார்த்துக்கொண்டு வந்தார். இறங்கும்போது சொன்னார்: “இவளுக்கு மட்டும் பாக்க வேணாம். ஸ்கூல்ல எல்லாப் பிள்ளைக்கும் பாப்போம்.”

மதுரையிலிருந்து கண் டாக்டர்களை வரவழைக்க அவர் பட்ட பாட்டை நான் பார்த்தேன். கடிதம் எழுதினார், போன் செய்தார், நேரில் போய் வாசலில் காத்திருந்தார். அந்த மாத அறிக்கை தாமதமாகிறது என்று மேலே இருந்து திட்டு வாங்கினார். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரைக்கும் ஒரே நாளில் முகாம் நடந்தது. பார்வைக் குறை என்று வேறு சில பிள்ளைகளும் சேர்ந்துதான் வந்தார்கள். அவர்கள் எல்லார் வீட்டுக்கும், பிள்ளைக்குக் கண்ணாடி போடச் சம்மதம் கேட்டு, ஒரே மாதிரி கடிதம் போனது. மகேஸ்வரியை யாரும் காட்டிக் கொடுக்கவில்லை.

டாக்டர் சொன்னது இது. பிறவியிலேயே உள்ள பவர். அவளுக்குக் கிட்டத்தில் உள்ளதும் கலங்கல், தூரத்தில் உள்ளதும் கலங்கல். சின்ன வயதிலேயே வைத்தியம் பார்க்காததால் வலது கண் முழுதாகத் தேறாது. இடது கண் கண்ணாடியோடு நன்றாக இருக்கும், ஆனால் கழற்றாமல் போட வேண்டும்.

கடிதம் போன பிறகு மேடம் அவளிடம் கேட்டார்: “உங்க வீட்டுக்கு நான் வரட்டுமா?” அவள் உடனே சரி சொல்லவில்லை. மறுநாள் ஜெயராணியைக் கூட்டிக்கொண்டு வந்து சொன்னாள்: “அப்பா பூ மார்க்கெட்டுக்குப் போயிட்டு பத்து மணிக்குத் திரும்பிருவாங்க. அதுக்கப்புறம் வாங்க. சாப்பிட்டா கோவம் இருக்காது.” மேடம் அதைத் தன் நோட்டில் எழுதிக்கொண்டார். பிள்ளை முதல் தடவையாக வாய்விட்டு ஒரு உதவி கேட்டிருக்கிறது, எந்த நேரத்தில் வேண்டும் என்பதோடு சேர்த்து.

போனோம். அப்பா கட்டிலில் உட்கார்ந்திருந்தார். கடிதம் சட்டைப்பையில் நான்காக மடிந்திருந்தது. அவர் கெட்ட மனிதர் இல்லை. எங்களுக்கு நாற்காலி போட்டு, மோர் கொடுக்கச் சொல்லிவிட்டுத்தான் பேசினார்.

“மூத்தவளும் இப்படித்தாம்மா. நல்லாப் படிச்சா. புத்தகத்தப் பாத்துப் பாத்து கண்ணு போச்சு. இவளையாவது காப்பாத்தணும்ல. படிச்சது போதும்.”

“படிச்சதால வரலண்ணே. பிறக்கும்போதே இருந்தது. ரெண்டு பேருக்கும்” என்றார் மேடம். பிறகு அம்மா பக்கம் திரும்பி, “பூ எடுக்க இவளும் வாராளா?” என்று கேட்டார்.

“வாராம்மா. கவனமே கிடையாது. பிஞ்சு மொட்டையும் சேத்துப் பறிச்சுப் போட்டுருவா. எம்புட்டு ஏசியிருக்கேன்.” சொல்லிவிட்டு அந்த அம்மா அப்படியே நின்றுவிட்டார். தான் என்ன சொன்னோம் என்று அவருக்கே புரிந்துவிட்டது. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்.

அன்றைக்கு மூத்தவளும் அங்கே இருந்தாள். நத்தத்தில் கட்டிக் கொடுத்திருந்தார்கள்; கைக்குழந்தையோடு வந்திருந்தாள். குழந்தையை அம்மாவிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். பீரோ திறக்கும் சத்தம் கேட்டது. ஒரு பழைய கண்ணாடியோடு வந்தாள், சேலைத் தலைப்பால் துடைத்தாள், போட்டுக்கொண்டாள். பிறகு குழந்தையைத் திரும்ப வாங்கி அதன் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அப்பாதான் கேட்டார். “ஏத்தா, கல்யாணத்துக்குக் கழட்டுனதுல இருந்து போடவே இல்லையா? இம்புட்டு நாளும் தெரியாமத்தான் இருந்தியா?”

“தெரியாமத்தாம்ப்பா இருந்தேன்.”

அவர் சட்டைப்பையிலிருந்து கடிதத்தை எடுத்தார். விரித்து, எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று என்னிடம் கேட்டார். என் பேனாவைக் கொடுத்தேன். எங்கள் தொழிலில் முகத்தில் எதையும் காட்டக் கூடாது. நான் எழுந்து வாசலுக்குப் போய், செருப்பைத் தேடுவதுபோல நின்றுகொண்டேன்.

திரும்பி வந்ததும் மேடம் அந்த ஆய்வை நிறுத்தினார். அதுவரை எடுத்த தாள்களை ஒதுக்கி வைத்தார். மையத்தில் முணுமுணுப்பு இருந்தது, எனக்குமே மலைப்பாக இருந்தது. அத்தனை பள்ளிக்கும் மறுபடி போக வேண்டும். அவர் சத்தம் போடாமல் சொன்னார்: “மறுப்புன்னு நாம எழுதுனோம் சார். சொன்னா என்ன ஆகும்னு நல்லாத் தெரிஞ்ச பிள்ளை அது. அத நாம கேக்கவே இல்லையே.” பென்சிலால் தாளின் கீழே ஒரு கேள்வியைச் சேர்த்தார்: ‘நீ சொன்னால் அதன் பிறகு என்ன ஆகும்?’ அதுதான் ஒன்பதாவது கேள்வி. தாளில் எல்லா எழுத்தையும் இரண்டு பங்கு பெரிதாக்கினார். யார் பக்கத்தில் யார் வழக்கமாக உட்காருவார்கள் என்று முதல் நாளே போய் ஒரு பாடவேளை பார்க்க வேண்டும் என்று விதி போட்டார். தன் தப்பை இவ்வளவு சீக்கிரம் தாளில் எழுதி, அதன் கீழே கையெழுத்தும் போடுகிற மேலதிகாரியை நான் வேறு எங்கும் பார்க்கவில்லை. அவரிடம் வேலை பார்த்ததை என் வாழ்க்கையின் பெரிய அதிர்ஷ்டமாக நினைக்கிறேன்.

அடுத்த வருடம் அதே பள்ளிக்குப் போனோம். மகேஸ்வரி பத்தாம் வகுப்பில் இருந்தாள். முகத்துக்குக் கொஞ்சம் பெரிய கண்ணாடி, மூக்கில் இறங்கிக்கொண்டே இருந்தது. பக்கத்தில் ஜெயராணி. இந்தத் தடவை இருவரையும் பிரிக்கவில்லை. ஏழாவது வரி வந்ததும் ஜெயராணி கையைத் தூக்கினாள், மகேஸ்வரியும் தூக்கினாள். மங்கல் எதற்கென்று போன வருடமே அவர்களுக்குச் சொல்லியாகிவிட்டது; ஆனாலும் கண்ணாடி போட்டவளுக்கும் தெரியாத வரி அது, சீட்டுக்குத் தூக்கித்தான் ஆக வேண்டும். மற்ற கேள்விகளுக்கு மடமடவென்று எழுதிக்கொண்டே போனாள். ஒன்பதாவதில் நின்றுவிட்டாள். பேனாவை வைத்தாள். சன்னலைப் பார்த்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். திரும்பப் போட்டாள்.

நிவேதா, அந்தக் கேள்வியை எடுக்காதே அம்மா. பிள்ளைகள் அதில் உட்கார்ந்திருக்கட்டும். மகேஸ்வரி உட்கார்ந்திருந்தது பதினோரு நிமிடம். என் கட்டத்தாளில் குறித்திருக்கிறேன், மையத்தின் அலமாரியில் இருக்கும், எடுத்துப் பார். பதினோரு நிமிடம் கழித்து, கோட்டின் மேல் நேராக, சின்னச் சின்ன எழுத்தில் ஒரு வரி எழுதினாள்.

‘அக்காவுக்கு ஆனது எனக்கு ஆகலை.’